எதிர்வீட்டு டீக்கடை மூடுகிறது: நிம்மதியாக இருப்பது தப்பா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. முப்பது வருஷமாக நடக்கிறது. கடைக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முட்டி வலி, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார். தெருவே சோகத்தில் இருக்கிறது. மூடக் கூடாது என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள், பாராட்டி ஃபிளெக்ஸ் வைக்க வசூல் வேறு. எனக்கோ உள்ளுக்குள் நிம்மதி. சிகரெட் புகை ஜன்னல் வழியாக வரும், பைக்குகள் வாசலை மறித்து நிற்கும், டியூஷன் போய்வரும் என் மகளைப் பெஞ்சில் இருப்பவர்கள் பார்க்கும் பார்வையும் சரியில்லை. ஆனால் என் மாமனார் காலையும் மாலையும் அங்கேதான் இருப்பார். மாமியார் போன பிறகு அவருக்கு அதுதான் உலகம். செய்தி தெரிந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ‘உனக்குச் சந்தோஷம்தானே’ என்று கணவர் குத்திக்காட்டுகிறார். நான் கையெழுத்துப் போட வேண்டுமா?
– மதுரை வாசகி

பதில்: நீங்கள் நிம்மதியாக இருப்பதில் எந்தத் தப்பும் இல்லை, சகோதரி. அந்தக் கடை உங்கள் மாமனாருக்குப் பெஞ்சைக் கொடுத்தது, உங்களுக்குப் புகையைக் கொடுத்தது. அவர் வருத்தப்படவும் நீங்கள் மூச்சு விடவும் இரண்டு பேருக்குமே காரணம் இருக்கிறது.

டீக்கடை என்றாலே எல்லாரும் சமமாக உட்கார்ந்து பேசும் இடம் என்று நம் ஊரில் உருகுவார்கள். யார் அந்த எல்லாரும்? டீக்கடை பெஞ்சில் ஒரு பெண் சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படிப்பதை இன்றும் அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. சாதியைச் சொல்லிக் கடைகளுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு 1950லிருந்தே சொல்கிறது. அதற்குப் பிறகும் எத்தனையோ கிராமங்களில் இரட்டைக் குவளை இருந்தது. டீயைக் குடித்துவிட்டுத் தன் குவளையைத் தானே கழுவி வைக்க வேண்டியிருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் தெருக் கடை அப்படி என்று சொல்லவில்லை. ஒரு கடை மூடினால் ஊர் முழுக்க ஒரே மாதிரி அழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது என்கிறேன். பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. அப்படியிருந்தும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பொறுத்துப் போனது நீங்கள். மகள் விஷயத்தையும் சேர்த்துக் கணவரிடம் ஒருமுறை உட்கார்ந்து சொல்லுங்கள். அவருக்கு அது இதுவரை தெரியாமலே இருந்திருக்கலாம்.

அடுத்து மாமனார். என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அவர்தான். வீட்டில் எவ்வளவு நல்ல டீ போட்டுக் கொடுத்தாலும் அவர் குறை தீராது. பாய்லர் சூடேறும் நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு, ‘முடிச்சாச்சா, இந்தப் பக்கம் தள்ளுங்க’ என்று கேட்டு வாங்க வேண்டும். வாய் திறக்கும் முன்பே கடையில் டீ போடும் மாஸ்டர் சர்க்கரை கம்மியாக, ஸ்ட்ராங்காக ஒரு கிளாஸை நீட்டுவார். ஒரு நாள் வராவிட்டால் ‘ஐயாவுக்கு என்ன ஆச்சு’ என்று நாலு பேர் கேட்பார்கள். மனைவியை இழந்த மனிதருக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

அதனால் அவரோடு உட்காரும் அந்த நாலு பேர் யார் என்று கேளுங்கள். இப்படிப் பழகுகிற பெரியவர்களுக்கு ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரியாது, போன் நம்பர்கூட இருக்காது. கடை மூடினால் அத்தோடு சரி. நம்பர்களை வாங்கி அவர் போனில் போட்டுக் கொடுங்கள். அடுத்து எங்கே உட்காருவது என்பதை, பக்கத்துத் தெரு டீக்கடையோ பூங்காவோ நூலகமோ, மாதக் கடைசிக்குள் அவர்களே பேசி முடிவு செய்யட்டும். முதல் சில நாட்கள் உங்கள் கணவர் கூடப் போகட்டும். ‘நம்ம வாசலிலேயே நாலு நாற்காலி போட்டுவிடலாமே’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். டீ போடுவதிலிருந்து கிளாஸ் கழுவுவது வரை உங்கள் தலையில்தான் விழும். அப்புறம் ஒன்று, இரண்டு வாரமாகியும் அவர் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் வயசுக் கோளாறு என்று விட்டுவிட வேண்டாம். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சரி, கையெழுத்து. 1950களின் கடைசியில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்நிற்க, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை எடுத்து நடத்தினார்கள். 1958இல் திருச்சூரில் தொடங்கிய இந்தியன் காபி ஹவுஸ் கேரளத்தில் இன்னும் நடக்கிறது. அங்கே அடுப்படியில் நிற்க ஆள் தயாராக இருந்தது. உங்கள் தெருவில் கையெழுத்து வாங்குகிறவர்கள் மாஸ்டரிடம் பேசினார்களா? விடியும் முன்னே எழுந்து பால் காய்ச்ச முடியாமல்தானே பெரியவர் மூடுகிறார்? மூடாதீர்கள் என்று அவரிடம் மனு நீட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம். மாஸ்டர் எடுத்து நடத்த முன்வந்தால் அது வேறு பேச்சு. வாடகை ஒப்பந்தமும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் அவர் பெயரில் புதிதாகப் போட வேண்டும். அதோடு கடை முன்னால் சிகரெட் கூடாது, உங்கள் வாசலில் வண்டி கூடாது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்கு ஒப்புக்கொண்டால் தாராளமாக ஆதரவு கொடுங்கள்.

அவருக்கும் விருப்பமில்லை என்றால் கடை மூடட்டும். ஃபிளெக்ஸுக்குப் பணம் கேட்டு வருகிறவர்களிடம் கல்லாப் பக்கத்தில் கிடக்கும் பற்று நோட்டைப் பற்றிக் கேளுங்கள். கடை மூடிய பிறகு அந்த நோட்டில் உள்ள பணம் பெரியவர் கைக்கு வந்து சேராது. யார் யார் எவ்வளவு பாக்கி என்று பார்த்து, முதலில் அதைத் தீர்க்கச் சொல்லுங்கள். மாமனார் பெயரில் ஏதாவது இருந்தால் உங்கள் கணவர் இந்த வாரமே போய்க் கொடுத்துவிட்டு வரட்டும்.