யாழ்ப்பாணத்தில் இருந்து நுவரெலியா: எந்த றோட்டால் போகலாம்?

ஒட்டோ கியர் வானில் அம்மா அப்பாவோடு போகிறோம், மலை றோட்டில் ஓடிப் பழக்கமில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஏ9இல் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டி. பேராதனையில் ஏ5 ஏறி கம்பளை, புசல்லாவை, றம்பொடை. வேறு யோசனை வேண்டாம். போன் வரைபடம் ஹங்குராங்கெத்தைப் பக்கம் திருப்பினாலும் போகாதீர்கள், அது ஒடுக்கமான றோட்டு.

றம்பொடைச் சுரங்கம் தாண்டினால் கொண்டைஊசி வளைவுகள்தான். எதிரே வரும் பஸ்ஸுக்கு முழு அகலமும் தேவைப்படும். ஹோர்ன் அடித்து, நின்று இடம் விடுங்கள். பின்னேரம் புகார் (மூடுபனி) இறங்கும், 3 மணிக்கு முன் நுவரெலியா சேரப் பாருங்கள்.

பயம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கியரை டி-யில் (வழமையாக ஓடும் நிலை) விட்டு பிரேக்கை அமத்திக்கொண்டே இறங்கினால் சூடேறி பிரேக் பிடிக்காது. ஓவர்டிரைவை (ஆக மேல் கியர்) நிறுத்தி, 2 அல்லது எல் என்ற தாழ் கியரில் போட்டு எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். பிரேக்கை இடைக்கிடை மட்டும் அமத்துங்கள். கருகின மணம் வந்தாலோ பெடல் தாழ்ந்தாலோ சமதரையில் அரை மணித்தியாலம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் வெடிக்கும். வெளிக்கிட முதல் பிரேக் ஒயிலையும் பிரேக் பாட்டையும் பார்ப்பியுங்கள்.

மழை நாளென்றால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே கண்டியில் இருந்து ஏறுங்கள்.