வாசகர் கேள்வி: எலியில் தொடங்குவதா, பேயில் தொடங்குவதா?

ஜேம்ஸ் ஹெர்பர்ட்டின் திகில் நாவல்கள் ஏழெட்டு பழைய புத்தகக் கட்டில் கிடைத்தன. எழுதிய வரிசையில்தான் படிக்க வேண்டுமா?
– வாசகி, கோத்தகிரி

வேண்டியதில்லை. அவர் எழுதிய 23 நாவல்களில் இரண்டு தொடர்களுக்குத்தான் வரிசை உண்டு. எலித் தொடர்: 'தி ரேட்ஸ்' (1974), 'லேர்' (1979), 'டொமைன்' (1984). டேவிட் ஆஷ் என்ற ஆவி ஆராய்ச்சியாளர் வரும் தொடர்: 'ஹாண்டட்' (1988), 'தி கோஸ்ட்ஸ் ஆஃப் ஸ்லீத்' (1994), 'ஆஷ்' (2012). இரண்டாவதைக் கண்டிப்பாக வரிசையில் படியுங்கள். 'ஹாண்டட்' கடைசியில் ஆஷுக்கு நேர்வது தெரிந்துவிட்டால் அந்த நாவலில் பாதி போச்சு.

தொடங்க 'தி ரேட்ஸ்' போதும். சின்னப் புத்தகம், இரண்டு மாலையில் முடியும். 'தி சீக்ரெட் ஆஃப் கிரிக்லி ஹால்' (2006) தடிமனைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மெதுவாகச் சூடேறும் வீட்டுப் பேய்க் கதை அது, ஹெர்பர்ட்டின் நடை பழகியவருக்கே பொறுமை நிற்கும். கட்டில் 'ஃப்ளூக்' (1977) இருந்தால் தனியே வையுங்கள். நாய் உடலில் கண்விழிக்கும் ஒரு மனிதனின் கதை. அருமையான புத்தகம்தான், ஆனால் திகிலை நினைத்துக்கொண்டு எடுத்தால் ஏமாற்றம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் திகில் நாவல் என்றாலே பேச்சு 'பயமா இருந்துச்சு', 'இல்லை' என்பதோடு நின்றுவிடுகிறது. எதை வைத்து மதிப்பிடுவது?
– வாசகர், குன்னூர்

பயம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், இறை (அரசன், அதாவது அதிகாரம்). ஹெர்பர்ட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 'ஹாண்டட்' அணங்கு. 'தி ரேட்ஸ்' மேலோட்டமாக விலங்கு. ஆனால் எலிகளை ஒழித்துவிட்டோம் என்று அதிகாரிகள் நிம்மதிப் பெருமூச்சு விடும் இடத்தில்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அங்கே பயம் இறைக்கு மாறிவிட்டது. 'தி ஃபாக்' (1975) முழுக்கவே இறைதான்: ராணுவம் உருவாக்கிப் புதைத்த கிருமி, நிலம் பிளந்ததும் மஞ்சள் மூடுபனியாக வெளிவந்து மனிதர்களைப் பைத்தியமாக்குகிறது. மாலை நான்கு மணிக்கே பனி இறங்கும் ஊரில் அதைப் படிப்பவருக்குக் கூடுதல் சலுகை!

அடுத்து, பலியாகும் மனிதர்களின் அத்தியாயங்கள். ஹெர்பர்ட்டின் முக்கிய உத்தி இது. மையக் கதைக்குத் தேவையே இல்லாத ஓர் ஆளைக் கொண்டுவருவார், சில பக்கங்களில் அவரது வேலை, ஏக்கம், அவமானம் எல்லாம் சொல்வார், பிறகு கொன்றுவிடுவார். பென்சிலோடு படித்து, ஆள் அறிமுகமாகும் வரியிலும் ஆபத்து தலைகாட்டும் வரியிலும் கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவே, சாவுக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு செய்தியாவது அவரைப் பற்றித் தெரிந்தால் அத்தியாயத்துக்கு உயிர் இருக்கிறது. பெயரும் தொழிலும் மட்டும் என்றால் பக்கம் நிரப்பல். 'தி ரேட்ஸ்' தொடக்கத்தில் சாகும் குடிகாரர், வேலையும் மானமும் போய்த் தெருவுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி. எலிகளைவிட அவருடைய வீழ்ச்சிக்கே அங்கே இடம் அதிகம். அதனால்தான் அந்தச் சாவு உறைக்கிறது.

அச்சத்துக்கும் அருவருப்புக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். ரத்தமும் சதையும் குமட்ட வைக்கும், அடுத்த நாள் மறந்துபோகும். அதையே பயம் என்று எண்ணிக்கொள்வதால்தான் கூட்டத்தில் சண்டை வருகிறது. குறைகளையும் மறைக்க வேண்டாம்: ஆரம்ப நாவல்களில் நாயகனின் காதலிக்குச் சொந்த வாழ்க்கை என்று அதிகம் இல்லை; படுக்கையறைக் காட்சிகள் செருகியது போல வரும்; விளக்கம் சொல்ல வரும் அதிகாரிகள் பாடம் ஒப்பிப்பார்கள்.

வாரம் 50 பக்கம் என்று பிரிக்காதீர்கள். இறுக்கம் தளர்ந்து, எல்லா அத்தியாயமும் ஒன்றுபோலத் தோன்றும். முழு நாவலையும் படித்துவிட்டு வந்து, கூட்டத்தில் ஒரே ஓர் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துப் பேசுங்கள்.

'தி ஃபாக்' படமாக வந்ததா? 14 வயது மகனுக்கு நாவலைக் கொடுக்கலாமா?
– வாசகி, ஊட்டி

1980-இல் ஜான் கார்பென்டர் எடுத்த படத்துக்கும் இந்த நாவலுக்கும் பெயர்தான் ஒன்று. மகனுக்கு இப்போது வேண்டாம். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும் ஒரு காட்சி பெரியவர்களுக்கே அதிகம்.

பழைய பேப்பர்பேக்குகளில் பூஞ்சை, வாடை. வெயிலில் போடலாமா?
– வாசகர், கொடைக்கானல்

நேர் வெயில் வேண்டாம். மட்டமான காகிதம் இன்னும் பழுப்பேறும், முதுகுப் பசை இறுகி ஏடு கழன்றுவிடும். பூஞ்சை பிடித்ததை முதலில் மற்ற புத்தகங்களிலிருந்து பிரித்து, விசிறிபோல் விரித்து நிறுத்தி, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலர விடுங்கள். ஈரமாகத் துடைத்தால் பூஞ்சை காகிதத்துக்குள் அப்பிக்கொள்ளும். உலர்ந்து பொடியானபின், முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வாடைக்கு, மூடிய டப்பாவில் ஒரு கிண்ணம் சமையல் சோடா வைத்து, புத்தகத்தில் படாமல் ஒரு வாரம் விடுங்கள்.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை திரும்ப வரும். அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் நீல நிறச் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம். குளிர்காலத்தில் அலமாரியிலிருந்து எடுத்ததும் புத்தகத்தை மல்லாக்க விரிக்காதீர்கள். பசை குளிரில் விறைத்திருக்கும், முதுகு ஒரே வெடிப்பாக வெடிக்கும். அரைமணி நேரம் அறைச் சூட்டில் கிடந்தபின் திறங்கள்.