பிளான்ச் காலோவே பாடல்கள் ஆண்டி கிர்க் பெயரிலும் வருவது ஏன்?

சில ஜாஸ் பாடல்கள் அமெரிக்கப் பாடகி பிளான்ச் காலோவே பெயரிலும், இசைக்குழுத் தலைவர் ஆண்டி கிர்க் பெயரிலும் வருகின்றனவே, உங்கள் பாடல் கோப்பில் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. நீங்கள் குறிப்பிட்ட 1931 மார்ச் தொடக்கத்துப் பாடல்களைப் பாடியவர் பிளான்ச் காலோவே. வாசித்தவர்கள் ஆண்டி கிர்க்கின் குழுவினர். அதனால்தான் ஒரே பாடல் இரண்டு பெயர்களில் வருகிறது.

இசைத்தட்டில் அச்சான பெயர் 'ஜாய் பாய்ஸ்'. கிர்க் குழுவின் பெயர் 'கிளவுட்ஸ் ஆஃப் ஜாய்'. பெயர் ஒற்றுமையும் குழப்பத்தைக் கூட்டியிருக்கும். கிர்க்கின் குழுவைத் தன் தலைமையில் கொண்டுவர பிளான்ச் முயன்றார், கைகூடவில்லை. உடனே ஆண்களை மட்டும் கொண்ட சொந்தக் குழுவை அமைத்து, அதற்குத் தானே தலைமை தாங்கினார். அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் அப்படி மேடையேறியது எவ்வளவு பெரிய துணிச்சல்!

பதிவுத் தேதியை முதலில் பாருங்கள். பிறகு பியானோவை மட்டும் கவனித்துக் கேளுங்கள். மார்ச் தொடக்கப் பதிவில் வாசிப்பவர் கிர்க் குழுவின் மேரி லூ வில்லியம்ஸ். டெனர் சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர் ஒலித்தால் அது பிளான்ச்சின் சொந்தக் குழு.

ஒன்று மட்டும்: 1931 பாடல்கள் அனைத்தையும் கிர்க் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். தம்பியும் புகழ்பெற்ற ஜாஸ் பாடகருமான கேப் காலோவேயின் நிழலில் ஏற்கெனவே மறைக்கப்பட்டவர் பிளான்ச். 1936இல் மிசிசிப்பியின் யாசூ நகரில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்தியதற்காகக் கைதானார். குழுவின் பணத்தோடு ஒருவர் ஓடிவிட, தன் காடிலாக் காரை விற்றுத்தான் பிளான்ச் அந்த மாநிலத்தை விட்டு வெளியேற முடிந்தது. 1938இல் குழுவே கலைந்தது. மிஞ்சியிருக்கும் பதிவுகள் குறைவு. அவற்றில் அவர் பெயர் இருக்கட்டும்.