மூலிகைப் பாக்கெட்டா, ரசாயனமா?

கேள்வி: என் மகன் மான்செஸ்டரில் படிக்கிறான். அங்கே 'ஸ்பைஸ்' என்று ஒன்றைப் புகைக்கிறார்களாம், வெறும் மூலிகை, சட்டத்தில் தடை இல்லை என்கிறான். உண்மையா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: இல்லை அம்மா, இரண்டுமே தவறு. ஒரு காலத்தில் கடைகளில் வெளிப்படையாக விற்றார்கள். ஒரு ரசாயனத்தைத் தடை செய்தால் மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றி வேறு பெயரில் கொண்டுவந்துவிடுவார்கள், அதனால்தான் பிரிட்டனில் 2016 மே மாதம் போதை தரும் புதுப் பொருட்களின் விற்பனையையே மொத்தமாகத் தடுக்கும் சட்டம் வந்தது, அதில் விற்பவருக்கு 7 ஆண்டு வரை சிறை. அதே ஆண்டு டிசம்பரில் புது ஸ்பைஸ் வகைகளும் போதைப்பொருள் சட்டத்தின் 'பி' பிரிவுக்குப் போனதால் இப்போது கையில் வைத்திருந்தாலே குற்றம்.

அப்புறம், அந்த இலை வெறும் வேஷம். கஞ்சாவைப் போல மூளையில் வேலை செய்யும் செயற்கை ரசாயனத்தை அசிட்டோன் என்ற கரைப்பானில் கரைத்துக் காய்ந்த இலைமேல் தெளிக்கிறார்கள். அது சமமாகப் படியாது, ஒரே பாக்கெட்டில் ஒரு சிட்டிகை லேசாகவும் அடுத்தது பல மடங்கு வீரியமாகவும் இருக்கும். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள், மூளையில் அதை ஏற்றுச் செயல்படும் இடமான ஏற்பியை ஓரளவுதான் தூண்டும், இந்தச் செயற்கை ரசாயனங்களில் பலவும் முழு வேகத்தில் தூண்டுபவை. வலிப்பு, நெஞ்சுப் படபடப்பு, மனப்பிறழ்வு, சிறுநீரகப் பாதிப்பு, சிலருக்கு மரணமே வந்திருக்கிறது.

நண்பர்கள் நீட்டும் வேப்பையும் (மின்சிகரெட்) வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பாத் பல்கலைக்கழகம் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்துப் பள்ளிகளில் பறிமுதல் செய்து சோதித்த வேப்களில் ஆறில் ஒன்றில் ஸ்பைஸ் இருந்தது. கூட இருப்பவர் யாராவது மயங்கி விழுந்து, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே அங்குள்ள அவசர எண் 999-ஐ அழைக்க வேண்டும், எதைப் புகைத்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.