பத்து நாள் உள்ளே இருந்தால் புத்தி வருமா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பைக் திருடினான் என்று பிடித்துப்போய்க் கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். "ஜாமீன் கேட்காதே, பத்து நாள் உள்ளே கிடந்தால்தான் புத்தி வரும்" என்கிறார் என் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, இன்றே ஜாமீன் கேளுங்கள். உங்கள் அண்ணனின் கோபம் புரிகிறது. ஆனால் அவர் சொல்வது தவறு. 2022 டிசம்பரில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். கைதானவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். எல்லா இல்லங்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. அரிவாள் எடுத்தவனோடு படுத்தெழுந்து உங்கள் பையன் என்ன கற்றுக்கொண்டு வருவான் என்று மட்டும் யோசியுங்கள்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. ஜாமீனில் விட முடியாத குற்றமானாலும் சிறாரை விடுவிக்கத்தான் வேண்டும். வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து வரும், நீதி கெடும் என்றால்தான் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் மறுக்கலாம். அந்தக் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம், எடுத்துச் செல்லுங்கள்.

ஜாமீனோடு வேலை முடிந்துவிடாது. பையனின் வீடு, படிப்பு, பழக்கம் பற்றி நன்னடத்தை அலுவலர் விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையைப் பார்த்துத்தான் குழுமம் முடிவெடுக்கும். நான் வாதாடிய ஒரு வழக்கில் அந்த அறிக்கை, 'படிப்பில் நாட்டமில்லை' என்று ஒரே வரியில் பையனை முடித்திருந்தது. அவன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது: பார்வை மங்கி, கரும்பலகை தெரியாமல், தினமும் அடி வாங்கி, ஒன்பதாம் வகுப்போடு நின்றிருக்கிறான். ஒரு கண்ணாடி வாங்கித்தர யாருக்கும் தோன்றவில்லை. இல்லத்து மதிலை உயர்த்தச் செலவழிக்கும் பணத்தில் வீடு தேடிப்போய் விசாரிக்கும் அலுவலர்களை அரசு நியமித்தால், இப்படிப்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பவும் குழுமத்தின் படியேற மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் வீட்டுக்கு அலுவலர் வராவிட்டால் நீங்களே போய்ப் பாருங்கள். எப்போது பள்ளிக்குப் போவதை நிறுத்தினான், அந்த நண்பர்களுக்கு என்ன வயது, வீட்டில் குடிப்பழக்கம் உண்டா, எதையும் மறைக்காதீர்கள்.

விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். இரண்டு மாதம் நீட்டித்தும் முடியாவிட்டால், சாதாரணத் திருட்டு வழக்கு அத்தோடு முடிந்துபோகும். குற்றம் உறுதியானாலும், அது பிற்காலத்தில் வேலைக்குத் தகுதிக்குறைவாகாது. அவன் பெயரையோ படத்தையோ பத்திரிகை வெளியிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் சுற்றினால் அதையும் குழுமத்திடம் எழுதிக்கொடுங்கள்.