ஒரே ஒரு ராடு வாங்கினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

கேள்வி: எனக்கு 47 வயது. சின்ன வயதில் தடப்பள்ளி வாய்க்காலில் மூங்கில் குச்சியும் மண்புழுவும் வைத்துக் கெண்டை பிடித்தவன். வேலை, கல்யாணம் என்று 25 வருடமாகத் தூண்டிலைத் தொடவே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் 13 வயது மகளையும் 9 வயது மகனையும் கூட்டிக்கொண்டு போக ஆசை, பிள்ளைகளின் அப்புச்சியும் (அம்மாவின் அப்பா) வருகிறேன் என்கிறார். ஆன்லைனில் தூண்டில் ராடு, ரீல், நரம்பு (தூண்டில் நூல்), முள் எல்லாம் சேர்ந்த செட் ஒன்று 3,499 ரூபாய், 8,999ஐ அடித்துப் போட்டிருக்கிறார்கள், ரீலில் 13 பேரிங் என்கிறார்கள். வாங்கலாமுங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க. செட் நல்லதா மோசமா என்பதற்குள் போகும் முன்பே சொல்கிறேன், கரையில் உட்காரப் போவது நாலு பேர், வருவது ஒரு ராடு. அது உங்கள் கையில்தான் இருக்கும், பிள்ளைகள் அரை மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு எப்பப்பா வீட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பிப்பார்கள், அடுத்த வாரம் நீங்கள் தனியாகப் போவீர்கள். ஆளுக்கொரு தூண்டில் வேண்டும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

நீங்கள் பிடித்த அதே மூங்கில்தான் பிள்ளைகளுக்குச் சரியான ஆரம்பம். நன்றாகக் காய்ந்த நேரான 8 அடிக் குச்சி, கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, தக்கை நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மட்டும் ஈயம், முள். முள் வாங்கும்போது நம்பரைப் பாருங்கள், நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். கெண்டைக்கும் ஜிலேபிக்கும் 8லிருந்து 12 வரை போதும், பெரிய முள்ளைப் போட்டால் மீன் புழுவைத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், பையன் வெறுத்துவிடுவான். முள் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் செதிலைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். தப்பித்தவறி விரலில் குத்தினாலும் கிழிக்காமல் வெளியே வரும்.

மூன்று மூங்கில் தூண்டில், உதிரிச் சாமான்கள் எல்லாம் சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மீதியில் மகனுக்கு உடம்போடு பொருந்துகிற ஒரு லைஃப் ஜாக்கெட், இதில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். அப்புறம்தான் உங்களுக்கு 7 அடி பைபர் ராடும் 3000 என்று அளவு எண் போட்ட ரீலும், அதுவும் கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து. அப்புச்சிக்கு மூங்கில் அலுத்துப்போனால் உங்கள் ராடை அவரும் வீசிப் பார்க்கட்டும்.

பேரிங் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். தரமில்லாத 13 பேரிங்கைவிட ஒழுங்காகச் செய்த நாலு பேரிங் நன்றாக ஓடும். கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள், எங்கேயாவது தட்டுகிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கிப் பிடித்து அளவாக விடும் டிராக்கை லேசாகத் தளர்த்தி நரம்பைக் கையால் இழுங்கள், விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வர வேண்டும், திணறித் திணறி வந்தால் பெரிய மீன் திரும்பும்போது நரம்பு அறுந்துவிடும். கொஞ்சம் பஞ்சு கொண்டுபோய் ராடின் வளையங்களுக்குள் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு மாட்டினால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, அது நரம்பைத் தின்றுவிடும். அந்த 8,999 யாரும் கொடுத்த விலையாக இருக்காது, அதே ராடு மற்ற கடைகளில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் கணக்கு.

பணம் போடும் முன் தண்ணீரைத் தேடி வையுங்கள். நம் பக்கத்துக் குளங்களில் பல மீன் குத்தகைக்குப் போனவை, குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள், அணை என்றால் அங்கே மீன்பிடிப்பைப் பார்த்துக்கொள்பவர்களிடம் அனுமதி கேளுங்கள். வெள்ளோடு பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். அமராவதி அணையில் முதலை உண்டு, தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது பிள்ளைகளோடு கரையில் உட்காரவே வேண்டாம், கரை சரிவு, இழுப்பு அதிகம், விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. நொய்யலில் சாயக்கழிவு கலந்த பகுதியில் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மடக்கு ராடு முதல் நாளே நுனிப்பக்கம் முறிந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க 7 நாள் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர் கைவிரிக்கிறார். என் அப்பாவுக்காக வாங்கியது. ஏதாவது வழி உண்டா?
- வாசகி, திருப்பூர்

பதில்: உண்டு. அவர்கள் போட்ட கெடு முடிந்ததாலேயே பழுதான பொருளுக்கு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருட அவகாசம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், ராடு எப்படி முறிந்தது? முள் கல்லிலோ வேரிலோ மாட்டி, ராடை செங்குத்தாகத் தூக்கி இழுத்திருந்தால் நல்ல ராடும் நுனியில் ஒடியும், அதைப் பழுது என்று சொல்வது கஷ்டம். சும்மா வீசும்போதே போயிருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. முறிந்த இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் அட்டை எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

கேள்வி: என் மனைவியும் கற்றுக்கொள்கிறேன் என்கிறார். பைபர் கனமாக இருக்கிறது, கார்பன் ராடு வாங்கித் தரலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாக. கை வலிக்காது, மீன் கொத்துவதும் நன்றாகத் தெரியும். ஆனால் கார்பனில் மின்சாரம் பாயும். தோப்புக்குள் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் போகிற கம்பி நம் ஊரில் தலைக்கு மேலேயே தொங்குகிறது, அதனால் ராடை விரித்தபடி தோப்பு வழியாக நடக்க வேண்டாம், கரைக்குப் போய் மேலே பார்த்துவிட்டு மாட்டுங்கள். இடி இடித்தால் அப்போதே கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.