புது டிரெய்லரில் சிங்க் அடியில் கசிவு: நீங்களே பார்க்கலாம்

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத டிராவல் டிரெய்லர் (வண்டியில் மாட்டி இழுத்துப்போகும் நடமாடும் வீடு), சிங்க் அடியில் ஈரம், குழாயெல்லாம் மூடியிருந்தும் தண்ணீர் பம்ப் அவ்வப்போது தானாக ஓடுகிறது, டீலரோ ஆறு வாரம் கழித்து வா என்கிறார். இதுதானே பிரச்சினை? காத்திருக்காதீர்கள், அதற்குள் அடிப்பலகை ஊறி உப்பிவிடும், அதைச் சரிசெய்வதுதான் பெரிய செலவு.

பம்ப் அப்படி ஓடினால் பெரும்பாலும் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு பம்ப்பைப் போடுங்கள், எது நனைகிறதோ அதுதான். பிறகு பம்ப்பை அணைத்து, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் நட்டைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே கூம்பு வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது நட்டே சரியாக மரையேறாமல் இருக்கும். நேராக்கி கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் நட் விரிசல் விட்டுவிடும். அப்படியே பம்ப் வடிகட்டியையும் திறந்து பாருங்கள், தொழிற்சாலையில் பைப் அறுத்த சீவல் அதில் கிடப்பது சகஜம் (இவ்வளவு விலை கொடுத்து வாங்கி நாம்தான் குப்பை அள்ள வேண்டும்).

நாமே கைவைத்தால் வாரண்டி போய்விடுமோ என்ற பயம் வரலாம். நீங்களே கைவைத்தீர்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்ய அமெரிக்காவின் 1975 மேக்னசன்-மாஸ் சட்டம் பொதுவாக விடாது, நீங்கள் கெடுத்ததற்கு மட்டும் தரமாட்டார்கள். இருந்தாலும் முதலில் படம் எடுத்து தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள், சிலர் பாகத்தையே அனுப்பிவைப்பார்கள்.

கேஸ் லைன், பிரேக் இரண்டிலும் மட்டும் கைவைக்காதீர்கள், அதற்கு ஆள் கூப்பிடுங்கள்.